மிதித்தால் யோசிக்கும் சொகுசு எஸ்.யூ.வி: டர்போவை மாற்றும் முன் இந்த எண்களைக் கேளுங்கள்!

அசோக் நகரின் ஏதோ ஓர் அவென்யூவிலிருந்து நூறடி ரோட்டில் ஏற வேண்டும். வலப்பக்கம் மாநகரப் பேருந்து வருகிறது. அதற்கு முன்னால் ஓர் இடைவெளி கிடைக்கிறது. காலை அழுத்தினால், இரண்டு டன் எடையுள்ள சொகுசு எஸ்.யூ.வி. ஒரு நொடி யோசிக்கிறது. பிறகு திடீரென்று பதறிப் பாய்கிறது.

அந்த ஒரு நொடி சின்ன விஷயமில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். கிட்டத்தட்ட அந்தப் பேருந்தின் நீளம். 'வந்துடலாம்' என்று கணக்குப் போட்ட இடைவெளி, கார் யோசித்து முடிக்கும்போது அங்கே இருக்காது.

இந்தப் புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் சீக்கிரமே காதில் விழக்கூடிய வசனம் ஒன்று உண்டு. "டர்போ போச்சு சார், மாத்திடலாம்." சொகுசு கார்களில் இந்த ஒரு வரி லட்சங்களில் பில்லாக மாறலாம். மாற்றிய பிறகும் வண்டி அதே மாதிரி யோசித்தால்? "அப்போ இன்ஜெக்டரா இருக்கும் சார்."

இது பெரிய பணக்காரர்களின் பிரச்னை என்று கடந்து போக வேண்டாம். ஏழெட்டு வருடம் ஓடிய ஜெர்மன் எஸ்.யூ.வி. இன்று புது கொரியன் காரின் விலைக்குப் பழைய கார் சந்தையில் கிடைக்கிறது. சேமிப்பையும் கொஞ்சம் கடனையும் சேர்த்து அதை வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காரின் விலை பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆனால், அதன் பாகங்களின் விலை இறங்கியிருக்காது. தப்பான ஒரு பாகத்தை மாற்றினால், பிள்ளையின் ஒரு வருட காலேஜ் ஃபீஸ் போய்விடும்.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்...

பழைய அம்பாஸடரில் ஆக்ஸிலரேட்டர் மிதி என்றால், அதன் மறுமுனை நேராக கார்புரேட்டரோடு இணைந்திருக்கும். மிதித்த அளவுக்குக் காற்று உள்ளே போகும். நடுவில் யாரும் இல்லை.

இப்போதைய கார்களில் அந்த நேரடி இணைப்பு கிடையாது. மிதியோடு இருப்பது சென்சார் மட்டும்தான். இந்த முறை 1980-களின் பிற்பகுதியிலேயே பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலை உயர்ந்த கார்களில் வந்துவிட்டது. இன்று சாதாரண ஹேட்ச்பேக்கிலும் இதே கதைதான். ஓட்டுநர் மிதிப்பது ஒரு விண்ணப்பம். அதை இன்ஜினின் கம்ப்யூட்டர், அதாவது இ.சி.யு. பரிசீலிக்கும். கார் எந்த மோடில் இருக்கிறது, எந்த கியர், காற்று எவ்வளவு வருகிறது, இன்ஜின் சூடு என்ன, சக்கரம் வழுக்குகிறதா, புகைபோக்கியில் கரி சேர்ந்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுக்கும். நம் ஊர் அலுவலகங்களில் ஃபைல் நகர்வதைப் போலத்தான். எந்த மேஜையில் ஃபைல் தங்கியது என்று கண்டுபிடிக்காமல், கடைசி மேஜைக்காரரை மாற்றிப் பயனில்லை.

அந்த மிதியில் ஒன்றல்ல, இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் ஒரே கணக்கைச் சொல்கின்றனவா என்று இ.சி.யு. ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால், இன்ஜினின் சக்தியைக் குறைத்து 'லிம்ப் மோடு' என்ற நொண்டி நிலைக்கு வண்டியைத் தள்ளிவிடும். வீடு வரை ஊர்ந்து போகலாம், அவ்வளவுதான். இது பழுதல்ல, பாதுகாப்பு. ஆனால், ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பைசா செலவில்லாத சோதனைகள்

முதலில் குனிந்து மிதியடியைப் பாருங்கள். விளையாட்டில்லை. கார் வாங்கிய கையோடு தடிமனான 7டி மேட் போடுவது நம் ஊரில் சாமி படம் ஒட்டுவதைப் போல ஒரு சடங்கு. அந்த மேட் மேலே நகர்ந்து மிதிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டால், கால் முழுசாக இறங்காது. ஓட்டுபவர் நூறு சதவிகிதம் மிதித்ததாக நினைப்பார். காருக்குப் போய்ச் சேர்ந்தது எழுபதாக இருக்கும்.

மேட் விவகாரம் உலகத்தையே ஆட்டிவைத்திருக்கிறது. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளாகி, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். அங்கே பிரச்னை நேர்மாறு. மிதி கீழே சிக்கிக்கொண்டு மேலே வரவில்லை. விசாரணையில் தெரிந்தது, அந்த செடானில் போடப்பட்டிருந்தது அதே கம்பெனியின் சொகுசு எஸ்.யூ.வி-க்கான மேட் என்பது. அடுத்த சில மாதங்களில் மேட்டுக்காகவும், ஒட்டிக்கொள்ளும் மிதிக்காகவும் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 'எலெக்ட்ரானிக்ஸில்தான் கோளாறு' என்று பலர் அடித்துச் சொன்னதால், அமெரிக்க அரசு நாசா இன்ஜினீயர்களையே களமிறக்கியது. பத்து மாதங்கள் குடைந்து பார்த்துவிட்டு, எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் அப்படி ஒரு குறை தென்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ராக்கெட் விடுகிறவர்கள் தேடியும் மிச்சமிருந்தவை மேட்டும், ஒட்டிக்கொண்ட மிதியும், சில இடங்களில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த காலும்தான்.

அடுத்தது மோடு. ஈகோவில் இருந்தால், மிதியின் முதல் பாதிக்கு கார் வேண்டுமென்றே மந்தமாகத்தான் பதில் சொல்லும். டீசல் மிச்சம் பிடிக்க அப்படி எழுதப்பட்ட கணக்கு அது. ஸ்போர்ட் மோடுக்கு மாற்றிவிட்டு, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மந்தம் காணாமல் போனால் காரில் கோளாறு எதுவும் இல்லை. சிக்னலில் இன்ஜினை நிறுத்திவிடும் ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் ஆஃப் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். அது மறுபடி உயிர்பெறும் அரை நொடியை 'லேக்' என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

ஸ்போர்ட்டிலும் அதே யோசனை என்றால், டேக்கோமீட்டரைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொல்லலாம். மிதித்தவுடன் ஆர்.பி.எம். விறுவிறுவென ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் சந்தேகம் கியர்பாக்ஸ் பக்கம். ஆர்.பி.எம்மே ஏற மறுத்தால் சந்தேகம் இன்ஜின் பக்கம். இந்த ஒரு வரித் தகவலோடு போனாலே ஒர்க்‌ஷாப்பில் பாதி நேரம் மிச்சம்.

கியர்பாக்ஸ் பக்கம் என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆயில் எப்போது மாற்றியது என்பது. பி.எம்.டபிள்யூ, லேண்ட் ரோவர், ஆடி என்று பல சொகுசு எஸ்.யூ.வி-களில் இருப்பது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ். 'ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று கார் விற்கும்போது சொல்லியிருப்பார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ-க்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுசு என்பதில்தான் குழப்பம்.

கோடு சொல்வது காய்ச்சலை; காரணத்தை அல்ல

இன்ஜின் பக்கம் என்றால், ஸ்கேனர் மாட்டும் கட்டம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகினால், இ.சி.யு. சேமித்து வைத்திருக்கும் பிழைக் கோடுகள் வரும். இங்கேதான் பணம் கரைய ஆரம்பிக்கிறது.

அடிக்கடி வரும் ஒரு கோடு பி 0299. இதன் பொருள், 'டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.' இதை 'டர்போ போச்சு' என்று மொழிபெயர்ப்பதுதான் தவறு. தர்மாமீட்டர் 102 காட்டினால் டெங்குவா, டைஃபாய்டா, வெறும் சளியா என்று அது சொல்லுமா? டர்போ அழுத்தம் குறைய ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல், கழன்ற கிளாம்ப், விரிசல் விட்ட சின்ன வேக்யூம் குழாய், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு, அடைத்த டி.பி.எஃப். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போ மேல் கை வைக்க வேண்டும். வரிசையில் அதற்குக் கடைசி இடம்.

அதனால் ஒர்க்‌ஷாப்பில் கோடு மட்டும் கேட்காதீர்கள். 'லைவ் டேட்டா' என்ற ஓடும் எண்களைக் கேளுங்கள். மூன்று எண்கள் போதும்.

ஒன்று, மிதியின் சதவிகிதம். இன்ஜினை ஆன் செய்யாமல், இக்னிஷன் மட்டும் போட்டுவிட்டு மிதியை மெதுவாக அழுத்த வேண்டும். திரையில் எண் குதிக்காமல், நிற்காமல் சீராக ஏறி, 100-ஐ ஒட்டி முடிய வேண்டும். நடுவில் 30-லிருந்து 45-க்குத் தாவினால் மிதி சென்சார் அல்லது அதன் கனெக்டர் சந்தேகத்துக்குரியது. இரண்டு சென்சார்களும் முரண்பட்டால் பி 2138 என்ற கோடும் கூடவே வரும். 80-ல் நின்றுவிட்டால், மறுபடியும் அந்த மேட்!

இரண்டு, டர்போ அழுத்தம். இதில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இ.சி.யு. கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று. உதாரணத்துக்கு, அது 2,200 மில்லிபார் கேட்கும்போது 1,500-தான் கிடைக்கிறது என்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது வருவதே குறைவு. கேட்டதே 1,400-தான் என்றால் கதை வேறு. டர்போ நன்றாக இருக்கிறது. வேறு ஏதோ காரணத்துக்காக இ.சி.யு-வே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் டர்போவைக் கழற்றுவது, இ.சி.ஜி. எடுக்காமல் பைபாஸுக்குத் தேதி குறிப்பது.

மூன்றாவது எண் டீசல் கார்களுக்கு மட்டும். டி.பி.எஃப்-பில் எத்தனை கிராம் கரி சேர்ந்திருக்கிறது, அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் என்ன என்பது.

காற்று ஒழுகுகிறது என்று தெரிந்தால் அடுத்தது ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில் புகையை அடைத்துவிட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசியும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் தேடுகிற அதே தந்திரம். ஹோஸ் கிழிந்திருந்தால் ஓட்டும்போதே மிதித்தவுடன் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும்; பின்னால் கறுப்புப் புகை வரும்.

சென்னைக்கு இதில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று வெயில். பானெட்டுக்கு அடியில் வெந்து வெந்து ரப்பர் இறுகி வெடிக்கும். இன்னொன்று எலி. அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் நாலு நாள் எடுக்காமல் நிறுத்திய கார், அவற்றுக்குச் சூடான லாட்ஜ். வயரையும் மெல்லிய குழாய்களையும் கடித்து வைக்கும். வெளியூர் போய்விட்டு வந்த பிறகு கார் மந்தமாகியிருந்தால், ஸ்கேனருக்கு முன்னால் டார்ச் லைட்டை எடுங்கள்.

தூசும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் ஆற்காடு சாலைப் பக்கம் தினமும் போய் வருகிற வண்டிக்கு, மேனுவலில் போட்டிருக்கும் கி.மீ. கணக்கு வரும் வரை ஏர் ஃபில்டர் தாங்காது. சர்வீஸுக்குக் காத்திருக்காமல் கழற்றிப் பார்ப்பது நல்லது. 'பர்ஃபாமன்ஸ் ஃபில்டர்' என்று எண்ணெய் தடவியது ஒன்றை மாட்டியிருந்தால், அந்த எண்ணெய் ஏர் ஃப்ளோ சென்சார் மேல் படிந்து அதன் கணக்கையே கெடுக்கலாம்.

அசோக் நகர் டு தி.நகர்: டீசலின் எதிரி

இனி டி.பி.எஃப். சென்னையில் பெரிய டீசல் எஸ்.யூ.வி. மந்தமாவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீடு அசோக் நகர். காலையில் கே.கே.நகரில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். அங்கிருந்து தி.நகர் கடைக்கு. மதியம் ஏ.சி. ஓட, காருக்குள் உட்கார்ந்தபடி பள்ளி வாசலில் இருபது நிமிடக் காத்திருப்பு. சாயங்காலம் மாமனாரை வடபழனியில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். எந்தப் பயணமும் ஐந்தாறு கி.மீ-க்கு மேல் இல்லை. எப்போதாவது நெடுஞ்சாலையில் 600 கி.மீ. போவதற்காக வாங்கிய 3 லிட்டர் டீசல் இன்ஜின், முழுசாகச் சூடாவதற்குள் அணைக்கப்படுகிறது.

டி.பி.எஃப். என்பது புகைபோக்கியில் இருக்கும் வடிகட்டி. டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 விதி வந்த பிறகு, புது டீசல் கார்களில் இது தவிர்க்க முடியாத பாகமாகிவிட்டது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கார் சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓடினால்தான் அது நிம்மதியாக நடக்கும். ரங்கநாதன் தெரு பக்கம் பார்க்கிங் தேடிச் சுற்றும் வண்டிக்கு அந்த யோகம் இல்லை.

எரிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் இன்ஜினை அணைத்தால் கரி பாதியில் நிற்கும். எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசல், இன்ஜின் ஆயிலில் கலக்கும். அடைப்பு ஏற ஏற புகை வெளியே போகத் திணறும். டர்போ சுழல முடியாது. ஒரு கட்டத்தில் இ.சி.யு. சக்தியைக் குறைத்துவிடும். அப்போதும் மாட்டிக்கொள்வது பாவம், டர்போதான்.

அறிகுறிகள் வெளியே தெரியும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டு ஓடும். சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கருகிய வாடை வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். அப்படி ஏறியிருந்தால் சந்தோஷப்படாமல் உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

ஆரம்பக் கட்ட அடைப்புக்கு மருந்து டோல் கட்டணமும் கொஞ்சம் டீசலும்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மதுரவாயல் போய், தாம்பரம் - புழல் பைபாஸில் ஏறி, விதித்த வேகத்துக்குள் சீராக அரை மணி நேரம் ஓட்டினால் போதும். ஆர்.பி.எம். 2,000-ஐ ஒட்டி இருக்கும்படி ஒரு கியர் குறைத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கரி கிராம் கணக்கை, போவதற்கு முன்னும் வந்த பின்னும் பார்த்தால் இறங்கியிருப்பது தெரியும். ப்ளூடூத்தில் மொபைலோடு பேசும் சின்ன ஓ.பி.டி. கருவிகள் ஒன்றிரண்டு ஆயிரத்துக்கே கிடைக்கின்றன. அந்தந்த கம்பெனி காருக்கான ஆப்பைப் போட்டால், பலவற்றில் இந்த எண்ணை வீட்டிலேயே பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு ஏற்கெனவே சிவப்பில் எரிந்தால் பைபாஸ் வைத்தியம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் கருவி வைத்து எரிக்க வேண்டும், அல்லது கழற்றிக் கழுவ வேண்டும்.

பெரிய எஸ்.யூ.வி. என்றால் ஆட்புளூ டேங்கையும் பார்த்துவிடுங்கள். அது தீரும் வரை எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். தீர்ந்தபின் இன்ஜினை அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது.

சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஒரு கொரியக் கதை

இ.ஜி.ஆர். பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் வால்வு இது. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பதற்கான ஏற்பாடு. நல்ல எண்ணம்தான், ஆனால், புகையோடு கரியும் உள்ளே போகும். ஆயில் ஆவியோடு அது கலந்து, தார் மாதிரி காற்றுப் பாதையில் படியும். வால்வு திறந்தபடி சிக்கினால் சுத்தமான காற்றுக்கு இடமில்லாமல் இன்ஜின் மூச்சு வாங்கும். குறைந்த ஆர்.பி.எம்மில் மட்டும் மந்தம், வேகம் எடுத்த பிறகு பரவாயில்லை என்றால் சந்தேகப் பட்டியலில் இதற்கு முன்வரிசை.

சோம்பலோடு நின்றுவிடாத இ.ஜி.ஆர். கதையும் உண்டு. 2018-ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இ.ஜி.ஆர். கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், உள்ளே படிந்திருந்த கரியோடும் ஆயிலோடும் சேர்ந்து எரிவதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. அந்த வருடம் அக்டோபரில் உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் சுமார் 16 லட்சம். எக்ஸ் 3, எக்ஸ் 5 எஸ்.யூ.வி-களை இந்தியாவுக்காக அந்த கம்பெனி அசெம்பிள் செய்வது, 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே இருக்கும் ஆலையில்தான்.

பழைய சொகுசு டீசல் வாங்கியவர்கள் செய்ய வேண்டியது எளிது. ஆர்.சி-யில் இருக்கும் 17 இலக்க சேசிஸ் எண்ணை அந்தந்த கம்பெனியின் டீலரிடம் கொடுத்து, 'இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா?' என்று கேட்கலாம். இருந்தால் வேலையைச் செய்துகொடுப்பது கம்பெனி செலவு. எந்த பிராண்டாக இருந்தாலும் இதைச் செய்யலாம். மூன்று கை மாறி வந்த வண்டிக்கு ரீகால் கடிதம் பழைய ஓனரின் முகவரிக்குத்தான் போயிருக்கும்.

கூலன்ட் மட்டம் அடிக்கடி இறங்குகிறது, கூடவே வண்டியும் மந்தம் என்றால், தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் அன்றே கொண்டுபோக வேண்டும்.

பெட்ரோல் காருக்கு வால்நட் வைத்தியம்

பெட்ரோல் எஸ்.யூ.வி. ஓனர்கள் இதுவரை வேடிக்கை பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் கரி உண்டு. இப்போதைய டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. முன்பெல்லாம் காற்று உள்ளே நுழையும் வால்வு மேல் பெட்ரோல் பட்டு, அதைக் கழுவிக்கொண்டே போகும். இப்போது அந்தக் குளியல் இல்லை. வால்வின் முதுகில் கரி ஏறும். அதைச் சுரண்ட, வால்நட் ஓட்டைத் தூளாக்கி அழுத்தக் காற்றோடு அடிக்கிறார்கள். கரியை எடுக்கும், உலோகத்தைக் கீறாது. அதற்கு முன், த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்து, ஸ்கேனரில் 'அடாப்டேஷன்' செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். துடைத்துவிட்டு அடாப்டேஷனை மறந்தால் ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும்.

இ20 பெட்ரோல்தான் காரணமா என்று கேட்பவர்களுக்கு: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதவிகிதம் கலந்தால் மைலேஜில் அது தெரியலாம். போன வாரம் வரை நன்றாக ஓடிய வண்டி இந்த வாரம் ஒரு நொடி யோசிப்பதற்கு அதை மட்டும் குற்றம்சாட்ட முடியாது.

வெள்ளம் பார்த்த கார்

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் சென்னையில் கார்கள் மூழ்கின. ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர் பக்கத்துக்காரர்களுக்கு 2015-ஐ யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அப்படி மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து, பாலீஷ் போட்டு விற்கப்பட்டவையும் உண்டு.

வெள்ளம் பார்த்த காரில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்களின் கனெக்டர்கள் மெதுவாகப் பச்சை பூத்து அரிக்கும். மிதி சென்சாரின் சிக்னல் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மழை நாளில் மட்டும் மந்தம், வெயில் வந்தால் சரி என்கிற விசித்திரப் புகார்களில் இப்படி ஒரு கனெக்டர் ஒளிந்திருக்கலாம். பழைய கார் வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவ எந்த புரோக்கருக்கும் பொறுமை இருப்பதில்லை.

குறுக்கு வழிகள் இரண்டு

மிதிக்கும் இ.சி.யு-வுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் 'ரெஸ்பான்ஸ் பறக்கும்' என்று விற்கிறார்கள். அது செய்வது ஒரே வேலை. 30 சதவிகிதம் மிதித்தால், 50 மிதித்ததாகப் பொய் சொல்லும். இன்ஜினின் சக்தி ஒரு குதிரைகூடக் கூடாது. நல்ல காரில் இது ஒரு விருப்பம். ஹோஸ் கிழிந்த காரில் இது வலி மாத்திரை. வியாதி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று ஆபத்தானது. 'டி.பி.எஃப்-ஐ எடுத்துட்டு சாஃப்ட்வேர் மாத்திடலாம் சார், தொல்லையே இல்ல' என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அந்தக் கரியை அதன்பின் சுவாசிப்பது, பள்ளி வாசலில் நிற்கும் அதே பிள்ளைகள்.

பில்லுக்கு முன் நாலு வரி

பெரிய வேலை என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஒப்புக்கொள்ளும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கோடு என்ன, லைவ் டேட்டாவில் எந்த எண் தவறாக இருந்தது, எந்தச் சோதனையால் இந்தப் பாகம்தான் என்று முடிவானது என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனர் திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று முகம் சுளிக்கும் இடத்தில் லட்ச ரூபாய் வேலை கொடுக்காமலிருப்பது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை ரசிப்பார். "அண்ணே, கேட்டது எவ்வளவு, கிடைச்சது எவ்வளவு?" என்று டர்போ அழுத்தத்தைப் பற்றிக் கேட்டால், அவரே திரையை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்.

தேவையில்லாத பாகத்தை மாற்றி, குறையும் தீரவில்லை என்றால் அந்தக் காகிதங்கள்தான் சாட்சி. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். காரே குறைபாடுள்ளது என்று வழக்குப் போட்டால் காருக்குக் கொடுத்த விலைதான் கணக்கு என்பதால், பல புது சொகுசு எஸ்.யூ.வி-கள் மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ரிப்பேர் சேவையில்தான் குறை என்றால் கணக்கு ரிப்பேர் பில். அது 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அசோக் நகர்க்காரர் சென்னையிலேயே போட்டுக்கொள்ளலாம். இணையத்திலும் பதிவு செய்யலாம்.